ரிப்பேர் பண்ணினா அது புராஜெக்ட் இல்லையா?

பழைய டர்ன்டேபிள் பத்தி யாராவது பேச ஆரம்பிச்சா, பத்து நிமிஷத்துல ரெண்டு கட்சி ஆகிடுவாங்க. பெல்ட் டிரைவ்தான் நல்லா பாடும்னு ஒரு கட்சி. டைரக்ட் டிரைவ்தான் ஒழுங்கா சுத்தும்னு இன்னொரு கட்சி. டைரக்ட் டிரைவ் கட்சிக்குள்ளேயே போனால் அங்கே இன்னும் பெரிய சண்டை: எந்த மாடல், எந்த வருஷம், எதுக்கு டார்க் ஜாஸ்தி, எதுக்கு வாவ் அண்ட் ஃப்ளட்டர் கம்மி. அஜித் விஜய் சண்டை மாதிரி முடிவே இல்லாமல் போகும்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். இந்த ஒப்பீடு எல்லாமே தப்பான கேள்வியிலிருந்து தொடங்குது. "எது நல்லா பாடுது?" என்று கேட்கிறோம். நாற்பது, நாற்பத்தைந்து வருஷம் ஆன ஒரு மெஷினைப் பார்த்து ஒரு இன்ஜினியரிங் ஸ்டூடன்ட் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "இது கெட்டுப்போனால் என்னால சரி பண்ண முடியுமா?" இந்தக் கேள்விக்கு நம்ம காலேஜ்கள்ல மதிப்பே இல்லை என்பதுதான் எனக்குப் பிரச்சினை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் அதுக்கு முன்னாடி அந்த மெஷின் எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் பார்த்துடுவோம். ஈசிஇ, ட்ரிபிள்இ மக்களுக்கு இது செமஸ்டர் ரிவிஷன் மாதிரியும் இருக்கும்.

ஒரு எல்பி ரெக்கார்டு நிமிஷத்துக்கு 33⅓ தடவை சுத்தணும். கேட்க ஈஸியாத்தான் இருக்கு. ஆனால் அந்த வேகம் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் பியானோ சத்தம் தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி அலையும். மெதுவா நடக்கிற அந்த ஏற்ற இறக்கத்துக்கு வாவ் என்று பெயர். வேகமா நடுங்கினால் ஃப்ளட்டர். இதை அடக்க மூணு வழி வந்தது. முதலாவது, மோட்டாருக்கும் தட்டுக்கும் நடுவில் ஒரு ரப்பர் சக்கரம். இங்கிலாந்தின் கேரார்ட் 301 (1954) இந்த வகைதான். இழுவை பலமா இருக்கும். ஆனால் வேகமா ஓடுற மோட்டாரோட அதிர்வு ரப்பர் வழியா ஏறி ஊசிக்கு வந்துடும். ரெண்டாவது, ரப்பர் பெல்ட். அதிர்வை பெல்ட் முழுங்கிடும். ஆனால் பெல்ட் நீளும், வழுக்கும், வருஷம் ஆக ஆகத் தளரும்.

மூணாவது வழியை ஒசாகாவின் மட்சுஷிட்டா கம்பெனி எடுத்தது. ஷூயிச்சி ஒபாட்டா என்ற இன்ஜினியரும் அவர் குழுவும் யோசிச்சது ரொம்ப நேரடியான விஷயம். தட்டு 33⅓ வேகத்துல சுத்தணும், அவ்வளவுதானே? அப்போ மோட்டாரே அந்த வேகத்துல சுத்தட்டும். பெல்ட் வேண்டாம், சக்கரம் வேண்டாம். தட்டோட அச்சும் மோட்டாரோட அச்சும் ஒண்ணுதான். 1970-இல் டெக்னிக்ஸ் என்ற பிராண்டில் எஸ்பி-10 வெளிவந்தது. உள்ளே கார்பன் பிரஷ் இல்லாத டிசி மோட்டார். இன்னைக்கு கரன்ட் பில் கம்மியாகும்னு பிஎல்டிசி ஃபேன் வாங்கி மாட்டுறோமே, அந்தக் குடும்பத்து மோட்டார்தான். 1972-இல் எஸ்எல்-1200 வந்தது. 1979-இல் எம்கே2 வந்தது. இந்த வரிசை மொத்தமா 30 லட்சத்துக்கு மேல் விற்றது.

எம்கே2-க்குள்ள நடக்கறதை நீங்க எல்ஐசி பேப்பர்ல படிச்சிருக்கீங்க. பிஎல்எல் என்று ஒரு யூனிட் வருமே, பிளாக் டயக்ராம் போட்டால் பாதி மார்க் நிச்சயம்னு சீனியர் சொல்லுவாங்களே, அதேதான். ஒரு குவார்ட்ஸ் கிரிஸ்டல் அசையாத ஒரு ஃப்ரீக்வென்சி தருது. மோட்டார் சுத்தும்போது அதோட வேகத்துக்குத் தகுந்த இன்னொரு ஃப்ரீக்வென்சி வருது. ரெண்டையும் ஒப்பிட்டு, ஃபேஸ் எவ்வளவு விலகியிருக்குன்னு பார்த்து, மோட்டாருக்குப் போற கரன்ட்டை சர்க்கிட் கூட்டும், குறைக்கும். கம்பெனி கொடுத்த கணக்கு: வாவ் அண்ட் ஃப்ளட்டர் 0.025 சதவீதம், நின்ற இடத்திலிருந்து முழு வேகத்துக்கு 0.7 செகண்ட். நாம பேப்பர்ல மனப்பாடம் பண்ணின க்ளோஸ்டு லூப் கண்ணு முன்னாடி சுத்தும். தட்டோட ஓரத்துல விரலை லேசா வைச்சுப் பாருங்க. லோடு டிஸ்டர்பன்ஸ் என்றால் என்ன என்று வாழ்க்கையில மறக்க மாட்டீங்க.

இப்போ பெல்ட் கட்சியோட வாதத்துக்கு வருவோம். ஸ்காட்லாந்தின் லின் கம்பெனி 1970-களில் கொண்டுவந்த எல்பி12 பெல்ட் டிரைவ்தான் அந்தக் கட்சியோட கொடி. அவங்க சொல்றது இது: சர்வோ எப்பவும் திருத்திக்கிட்டே இருக்கும், ஒரு தடவை அதிகம், ஒரு தடவை கம்மி என்று வேகத்தைத் தேடிக்கிட்டே இருக்கும், அது இசையைக் கெடுக்கும். இதை சும்மா தள்ளிவிட முடியாது. லூப்பை மோசமா டிசைன் பண்ணினால் அது ஆடத்தான் செய்யும். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ்ல ஃபேஸ் மார்ஜின் பத்தி ஒரு சேப்டரே அதுக்குத்தான் இருக்கு. ஆனால் கனமான தட்டோட இனர்ஷியா சின்னச் சின்ன ஆட்டத்தை எல்லாம் தானே வடிகட்டும். அதனால "சர்வோ இருந்தாலே கெட்ட சவுண்ட்" என்பது கருத்து இல்லை, நம்பிக்கை. பெல்ட் டிரைவ்லயும் நல்லது இருக்கு, டைரக்ட் டிரைவ்லயும் மட்டமானது இருக்கு.

அதைவிட முக்கியமான விஷயம் ஒண்ணு. ரெண்டு கட்சியும் 0.025-ஆ 0.03-ஆ என்று அடிச்சுக்கறாங்க. ஆனால் ரெக்கார்டோட நடு ஓட்டை அரை மில்லிமீட்டர் தள்ளி இருந்தால் என்ன ஆகும்? கணக்கு போடுங்க. ஊசி மையத்திலிருந்து 100 மில்லிமீட்டர் தூரத்துல இருக்கும்போது, ஒவ்வொரு சுற்றிலும் அந்த தூரம் 99.5-க்கும் 100.5-க்கும் நடுவுல போய் வரும். வேகம் கூட்டியும் குறைச்சும் அரை சதவீதம் மாறும். மெஷின்களுக்கு நடுவுல இருக்கிற வித்தியாசத்தைவிட இது பல மடங்கு பெரிசு. எவ்வளவு விலை உயர்ந்த மோட்டார் வைச்சாலும் இதைத் திருத்த முடியாது. நக்காமிச்சி என்ற ஜப்பான் கம்பெனி 1980-களின் தொடக்கத்துல டிஎக்ஸ்-1000 என்று ஒரு டைரக்ட் டிரைவ் கொண்டுவந்தது. ரெக்கார்டு எவ்வளவு தள்ளி உட்கார்ந்திருக்குன்னு அதுவே அளந்து, தட்டை நகர்த்தி மையத்துக்குக் கொண்டுவரும். அவங்க மட்டும்தான் சரியான இடத்துல கை வைச்சாங்கன்னு எனக்குத் தோணும். தசமப் புள்ளிக்குப் பின்னாடி மூணாவது இலக்கத்துக்குச் சண்டை போடறதுக்கு முன்னாடி, பெரிய எரர் எங்கே இருக்குன்னு பார்க்கணும். இது டர்ன்டேபிளுக்கு மட்டும் சொல்றதில்லை.

இன்னொரு உதாரணம். பழைய மெஷின்ல தட்டோட ஓரத்துல புள்ளி புள்ளியா இருக்கும், பக்கத்துல ஒரு சின்ன நியான் விளக்கு எரியும். வேகம் சரியா இருந்தால் புள்ளிகள் அசையாமல் நிற்கிற மாதிரி தெரியும். நம்ம ஊர் 50 ஹெர்ட்ஸ் கரன்ட்ல அந்த விளக்கு செகண்டுக்கு 100 தடவை மின்னும். ஒரு சுற்றுக்கு 1.8 செகண்ட். அப்போ 180 புள்ளி வேணும். 60 ஹெர்ட்ஸ் ஊர்ல 216. ஜப்பான்ல கிழக்குப் பக்கம் 50, மேற்குப் பக்கம் 60. ரெண்டும் ஒரே நாட்டுல. அதனால ரெண்டு வரிசையும் போடுவாங்க. 45 வேகத்துக்கு 50 ஹெர்ட்ஸ்ல கணக்கு போட்டால் 133.33 புள்ளி வருது. மூணுல ஒரு பங்கு புள்ளியை எங்கே போய் போடறது? 133 போடுவாங்க. அப்போ புள்ளி அசையாமல் நின்றாலும் நிஜ வேகம் 45.11. அதோட நம்ம கிரிட்டும் எப்பவும் சரியா 50-லயே நிக்காது. எம்கே2-வுல அந்த விளக்கையும் குவார்ட்ஸே ஓட்டுது, அதனால இந்தத் தொல்லை இல்லை. ஆக, ஒரு அளவைப் பார்த்தால் "இந்த அளவுகோலை எது ஓட்டுது?" என்று கேட்கணும். இதை எனக்கு எந்த லேப் மேனுவலும் சொல்லித் தரலை. ஒரு தட்டோட ஓரம் சொல்லித் தந்தது.

சரி, ரிப்பேருக்கு வருவோம்.

1980 வாக்குல வந்த ஒரு டைரக்ட் டிரைவ், நண்பனோட பெரியப்பா சிங்கப்பூர்ல இருந்து கொண்டுவந்தது, பரண்ல கிடந்தது. மூணு பேர் சேர்ந்து அதை ஃபைனல் இயர் புராஜெக்டா எடுத்தோம். தட்டு சுத்தும், ஆனால் வேகம் அலையும். சர்வீஸ் மேனுவலைத் தேடி எடுத்தோம். பிரிச்சுப் பார்த்தா அசந்துட்டோம். முழு சர்க்கிட் டயக்ராம், எந்த பாயின்ட்ல எவ்வளவு வோல்ட் இருக்கணும், எந்த ஸ்க்ரூவை எப்போ திருப்பணும், பார்ட்ஸ் லிஸ்ட், எல்லாம் இருக்கு. கம்பெனி நம்மளை நம்பி எழுதின மாதிரி இருந்தது. வேகத்தைச் சரி பண்ற பொட்டென்ஷியோமீட்டர்ல அழுக்கு. காஞ்சுபோன ரெண்டு எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர். விரிசல் விட்ட ஒரு சால்டர். அவ்வளவுதான். ஆனால் அதைக் கண்டுபிடிக்க ஆறு வாரம் ஆச்சு. ஆசிலாஸ்கோப்புல மோட்டார் சிக்னலைப் பார்த்து, லூப்பை வரைஞ்சு, எது காரணம் எது விளைவு என்று பிரிச்சு, ஒவ்வொண்ணா விலக்கினோம். புள்ளிகள் அசையாமல் நின்ன அன்னைக்கு மெஸ் சாப்பாடுகூட நல்லா இருந்தது.

ரிவ்யூல கேட்ட முதல் கேள்வி: "இதுல நாவல்ட்டி என்ன?" ரெண்டாவது கேள்வி: "ஐஓடி எங்கே?"

கடைசியில ஒரு வைஃபை போர்டு மாட்டி, ஆர்பிஎம்-ஐ போன்ல காட்டினோம். அதை மாட்ட ஒரு சாயங்காலம் போதுமா இருந்தது. மார்க் அதுக்குத்தான் வந்தது. அந்த போர்டைக் கழட்டினாலும் தட்டு அதே மாதிரிதான் சுத்துது.

கேள்வி கேட்டவங்க மேல எனக்குக் கோபம் இல்லை. அவங்க கையில இருந்த ஃபார்ம்ல அந்தக் காலம்தான் இருந்தது. "ஏற்கெனவே இருக்கிற ஒண்ணை புரிஞ்சுக்கிட்டு உயிர் கொடுத்தாங்களா?" என்று ஒரு காலம் அதில் இல்லை. புதுசா செய்யறதுதான் இன்ஜினியரிங், சரி பண்றது மெக்கானிக் வேலை. இந்த நினைப்பு ஃபார்ம்ல மட்டும் இல்லை, நம்ம மண்டையிலயும் இருக்கு. நம்ம கேம்பஸ்ல ஃபோன் டிஸ்ப்ளே உடைஞ்சா யாராவது பின் கவரைத் திறந்து பார்க்கிறோமா? நாலு வருஷம் எலக்ட்ரானிக்ஸ் படிச்சுட்டு ஹாஸ்டல் ஃபேன் ரெகுலேட்டர் போனால் எலக்ட்ரீஷியன் அண்ணனுக்குத்தான் போன் பண்றோம்.

இப்போ அந்த ஒப்பீட்டுக்குத் திரும்பிப் போங்க. 1980-இல் ஷோரூம்ல ரெண்டு டைரக்ட் டிரைவ் இருந்ததுன்னு வைச்சுக்கோங்க. ஒண்ணுல அந்த மாடலுக்காகவே செய்த ஐசி, அழகான நம்பர்கள், ஏகப்பட்ட ஆட்டோமேட்டிக் பட்டன்கள். இன்னொண்ணு சாதாரணம், கடையில கிடைக்கிற டிரான்சிஸ்டர்கள், நம்பர்ல ஒரு படி கீழே. அன்னைக்கு எல்லாரும் முதலாவதைத்தான் சிறந்ததுன்னு சொல்லியிருப்பாங்க. இன்னைக்கு அந்த ஐசி போச்சுன்னா மாத்து கிடையாது. அது பிளான்ட் வைக்கிற ஸ்டாண்டு ஆகிடும். ரெண்டாவதுக்கு ரிச்சி ஸ்ட்ரீட்ல பத்து ரூபாய்க்கு ஒரு பார்ட் வாங்கிப் போட்டால் இன்னும் இருபது வருஷம் ஓடும். அப்போ எது நல்ல டிசைன்? வருஷத்தைச் சேர்க்காமல் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது.

எம்கே2-விலும் மட்சுஷிட்டாவோட சொந்த ஐசிக்கள் உண்டு. ஆனாலும் அது உயிரோட இருக்கு. ஏன்? லட்சக்கணக்குல வித்ததால ஸ்பேர் கிடைக்குது. அவ்வளவு விற்க வைச்சது ஹைஃபை ரசிகர்கள் மட்டும் இல்லை, டிஜேக்கள். நியூயார்க்கின் பிராங்ஸ்ல கூல் ஹெர்க் மாதிரியான ஆட்கள் 1973-லேயே ரெண்டு டர்ன்டேபிளை வைச்சு ஒரு புது இசைக்கே வழி போட்டாங்க. கையால தட்டை நிறுத்தி, பின்னாடி இழுத்து, விட்ட உடனே வேகம் பிடிக்கணும்னா பெல்ட் தாங்காது. ஒசாகா ஹைஃபைக்காகச் செய்த மோட்டாரை பிராங்ஸும் அதுக்கு அப்புறம் வந்த உலகமும் வேற எதுக்கோ எடுத்துக்கிட்டது. 2010-இல் கம்பெனி தயாரிப்பை நிறுத்தினது; 2016-இல் புது மோட்டாரோட திரும்பக் கொண்டுவந்தது. அந்த ஆறு வருஷமும் பழைய மெஷின்களை ஓட வைச்சது ஸ்க்ரூ டிரைவர் பிடிச்ச கைகள்தான்.

இதைப் படிச்சுட்டு ஆசை வந்து பழைய மெஷின் வாங்கப் போறவங்களுக்கு நாலே வார்த்தை. ஜப்பான் உள்ளூர் மாடல்னா 100 வோல்ட். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம்ம 230-ல சொருகினால் புகையைத்தான் பார்ப்பீங்க. வாங்கும்போதே புள்ளிகள் நிக்குதான்னு பத்து நிமிஷம் ஓட விட்டுப் பாருங்க. சூடானதும் அலைந்தால் விலையைக் குறைங்க. ஊசி புதுசா போட வேண்டியிருக்கும், அந்தக் காசை முதல்லயே கணக்குல சேருங்க. முக்கியமா, சர்வீஸ் மேனுவல் கிடைக்குமான்னு தேடிப் பார்த்துட்டு வாங்குங்க. கிடைக்கலைன்னா எவ்வளவு அழகா இருந்தாலும் விட்டுடுங்க.

"ஸ்பாட்டிஃபைல எல்லாம் இருக்கும்போது இது எதுக்கு ப்ரோ?" என்று கேட்பீங்க. நியாயம்தான். சத்தம் சுத்தமா வேணும்னா போன்ல கேளுங்க, அதுல வாவும் இல்லை ஃப்ளட்டரும் இல்லை. பழசு எல்லாமே பொன்னு என்று நான் சொல்ல வரலை. அந்தக் காலத்துல குப்பையும் நிறைய செய்தாங்க. ஹாஸ்டல் ரூம்ல ரீல்ஸ் பேக்கிரவுண்டுக்காக டர்ன்டேபிள் வாங்கறவங்களைப் பார்த்தால் எனக்கும் சிரிப்புதான் வரும். ரிப்பேர்ல காசு தேறாதுன்னும் சொல்லுவீங்க. பல நேரம் அதுவும் உண்மை. புது சிப் ஒண்ணோட விலையைவிட பழசைத் திறக்கற கூலி அதிகம்.

ஆனால் காலேஜ் கடை இல்லையே. இங்கே நாம விக்க வரலை, கத்துக்க வந்திருக்கோம். அடுத்த வருஷம் நம்மள்ல பல பேர் ஏதோ ஒரு கம்பெனியில உட்கார்ந்து எதையோ டிசைன் பண்ணப் போறோம். மூடியை ஒட்டறதா, ஸ்க்ரூ போடறதா என்ற முடிவு யாரோ ஒரு இருபத்திரண்டு வயசு ஆளோட ஸ்க்ரீன்ல எடுக்கப்படும். ஒரு தடவையாவது வேற யாரோ செய்த மெஷினைத் திறந்து, அவர் நமக்காக விட்டுவைச்ச டெஸ்ட் பாயின்ட்டைத் தொட்டுப் பார்த்த ஆளுக்கு அந்த முடிவு வேற மாதிரி வரும் என்று நான் நம்பறேன்.

அதனால ரெண்டு கோரிக்கை. ஒண்ணு, டிபார்ட்மென்ட்டுக்கு: புராஜெக்ட் ஃபார்ம்ல நாவல்ட்டி காலத்துக்குப் பக்கத்துல ரிப்பேர் என்று இன்னொரு காலம் போடுங்க. என்ன கெட்டுச்சு, எப்படிக் கண்டுபிடிச்சாங்க, இப்போ ஓடுதா. மூணு கேள்வி போதும். ரெண்டாவது, ஜூனியர்களுக்கு: வர்ற சிம்போசியத்துல பேப்பர் பிரசன்டேஷன், டெக்னிக்கல் குவிஸ் எல்லாம் நடத்துங்க. கூடவே ஒரு ஈவென்ட். ஒரு டீமுக்கு ஒரு கெட்டுப்போன மெஷின், ஒரு மல்டிமீட்டர், ஒரு சால்டரிங் அயர்ன், மூணு மணி நேரம். ஓட வைச்சவங்களுக்கு பிரைஸ். மெஷினுக்குப் பஞ்சம் வராது. எல்லார் வீட்டுப் பரண்லயும் ஏதோ ஒண்ணு தூங்கிக்கிட்டுத்தான் இருக்கு. பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஏறிப் பாருங்க. கிடைச்சால் பிளக்கைச் சொருகறதுக்கு முன்னாடி பின்பக்கம் ஒட்டியிருக்கிற வோல்டேஜைப் படிங்க.